மூன்று நேரங்களும் ஓர் உயரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நண்பர் ஒருவரிடமிருந்து கொர்க் மினிலாக் என்ற சிந்தசைசரை (மின்னணு இசைக்கருவியை) பழைய பொருளுக்கான விலையில் வாங்கினேன். என்வலப் பகுதியில் உள்ள நான்கு குமிழ்களில் அட்டாக்கைத் திருப்பினால் ஒலி மெதுவாகத் தொடங்குகிறது. ரிலீசைத் திருப்பினால் கட்டையை விட்ட பிறகும் ஒலி நீள்கிறது. டீகே குமிழை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அது பழுதாகிவிட்டதா? இன்னொரு சிறிய ஐயம்: என்வலப் என்றால் கடித உறைதானே? ஒலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: குமிழில் பழுது இருக்க வாய்ப்பில்லை. அதற்கு அடுத்துள்ள சஸ்டெயின் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அநேகமாக அது முழுவதும் வலப்பக்கம் திரும்பியிருக்கும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு டீகேயைத் திருப்பினால், செத்துக் கிடந்ததாக நீங்கள் நினைத்த குமிழ் எழுந்து உட்காரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று. முதல் சிந்தசைசர் வாங்கிய காலத்தில் நான் இதே ஐயத்தோடு ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போய், 80 வெள்ளி கொடுத்துக் குமிழுக்கு அடியில் இருந்த பாகத்தையே மாற்றிக்கொண்டு வந்தேன். புதிய பாகமும் வேலை செய்யவில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நான்கு பெயர்களையும் ஒரே வரிசையில், ஒரே அளவுக் குமிழ்களாக வைத்திருப்பதுதான். அப்படிப் பார்க்கிறவர்கள் நான்கும் ஒரே இனம் என்றும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் நான்கு கால அளவுகள் என்றும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அட்டாக், டீகே, ரிலீஸ் ஆகிய மூன்றும் நேரங்கள். சஸ்டெயின் ஓர் உயரம். கட்டையை அழுத்தியதும் தரையிலிருந்து உச்சிக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் அட்டாக். உச்சியிலிருந்து சஸ்டெயின் என்ற உயரத்துக்கு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் டீகே. விரல் கட்டையின்மேல் இருக்கும்வரை ஒலி அந்த உயரத்திலேயே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் விரலே அன்றிக் குமிழ் அன்று. விரலை எடுத்ததும் தரைக்கு இறங்க ஆகும் நேரம் ரிலீஸ். சஸ்டெயினை முழுமையாக வைத்துவிட்டால் உச்சியும் அந்த உயரமும் ஒன்றாகிவிடுகின்றன. மேல்மாடியிலேயே தங்கிவிட்டவருக்குப் படியிறங்கும் வேகம் எதற்கு?

இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. 1965ஆம் ஆண்டில் கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தின் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி, தமக்கு வேண்டிய என்வலப் கருவிகளின் வரையறையைச் சிந்தசைசர் உருவாக்குநர் ராபர்ட் மூக்கிடம் கொடுத்தபோது, நான்கு பகுதிகளுக்கும் டீ-1, டீ-2, ஈ-சஸ், டீ-3 என்று குறியீடு இட்டிருந்தார். டீ என்பது நேரம். ஈ என்பது மின்னழுத்தம், அதாவது உயரம். மூன்று டீக்களுக்கு நடுவே ஓர் ஈ நிற்பதைப் பார்த்த எவருக்கும் உங்களுக்கு வந்த ஐயம் வந்திராது. பின்னாளில் ஆர்ப் என்ற சிந்தசைசர் நிறுவனம் அதை அட்டாக், டீகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று எளிமையாக்கியது. நாவுக்கு எளிதாயிற்று, பொருள் சற்று மறைந்துவிட்டது என்பதே என் கருத்து.

இனிப் பெயருக்கு வருகிறேன். பதிவு செய்த ஓர் ஒலியைக் கணினித் திரையில் பார்த்தால் நூற்றுக்கணக்கான நுண்ணலைகள் நெருக்கமாக ஏறி இறங்குவது தெரியும். அவற்றின் நுனிகளை மட்டும் தொட்டு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு அலைகளை ஓர் உறை போலச் சுற்றி நிற்கும். கடித உறைக்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவே. 1970இல் வெளிவந்த மூக்கின் மினிமூக் சிந்தசைசர் இதையே காண்டூர், அதாவது விளிம்புக்கோடு, என்று குறிப்பிட்டது. தமிழில் ஒலியுறை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள் என்பதால் என்வலப் என்றே எழுதுகிறேன்.

என்வலப் ஒலி எழுப்புவதில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும். ஒலியைத் தருவது ஆசிலேட்டர். கருவிக்குள் அது இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. என்வலப் தருவது, ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம் மட்டுமே. அந்த மின்னழுத்தம் விசிஏ என்னும் பெருக்கியின் வாசலை எவ்வளவு திறக்கச் சொல்கிறதோ அவ்வளவு ஒலி வெளியே வருகிறது. பழைய கருவிகளில் இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவது ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும்தான். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 1 மெகாஓம் மின்தடை வழியாக நிரப்பினால், 1 வினாடியில் அது இலக்கின் 63 விழுக்காட்டைத் தொடும். 5 வினாடிகளில் 99 விழுக்காட்டைக் கடக்கும். கணக்குப்படி பார்த்தால் இலக்கை ஒருபோதும் முழுமையாகத் தொடாது. இதனால்தான் அட்டாக்கின்போது சுற்று உச்சியைவிட உயர்ந்த ஓர் இலக்கை நோக்கி மின்தேக்கியை நிரப்பிக்கொண்டு போய், உச்சியைத் தொட்ட கணத்தில் பாதியிலேயே திருப்பி டீகேக்கு அனுப்பிவிடுகிறது. நீங்கள் திருப்பும் குமிழ் அந்த மின்தடையைக் கூட்டிக் குறைக்கிறது. இக்காலக் கருவிகள் பலவற்றில் ஒரு நுண்செயலி இதே வளைவுகளைக் கணக்கிட்டுத் தருகிறது.

இந்த வளைவின் சிறப்பு, அது இறங்கும் முறையில் இருக்கிறது. மின்தேக்கி தன்னிடம் மிச்சம் இருப்பதில் ஒரு பங்கைத்தான் ஒவ்வொரு கணமும் இழக்கிறது. ஆகவே முதலில் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தேய்கிறது. மீட்டிவிட்ட வீணைத் தந்தியும் ஏறத்தாழ இதே கணக்கில்தான் அடங்குகிறது. நேர்கோட்டில் இறங்கும் என்வலப் ஏதோ ஒன்று குறைவதைப் போல ஒலிப்பதற்கும், அனலாக் என்வலப் பழகிய ஒலியாகக் காதில் படுவதற்கும் இந்த ஒற்றுமையே காரணம்.

இப்போது கருவியின் முன் உட்காருங்கள். ஆசிலேட்டரில் ரம்பப் பல் வடிவ அலையைத் தேர்ந்தெடுத்து, நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூச்சு உள்ளவரை அதன் ஒலி தளராது. ஆகவே சஸ்டெயின் உயரத்தில் இருக்க வேண்டும். துத்துகாரம் என்னும் நாவின் தட்டலோடு சீவாளியில் பிறக்கும் அந்தத் தொடக்கத்துக்கு அட்டாக் மிகக் குறைவாகவும், ஆனால் சுழியாக இல்லாமலும் இருக்க வேண்டும். மூச்சு நின்றதும் ஒலியும் நின்றுவிடுவதால் ரிலீஸ் குறைவு. அடுத்து வீணை: அட்டாக் சுழி, சஸ்டெயினும் சுழி, டீகே 2 அல்லது 3 வினாடி. மீட்டிய பிறகு தந்திக்கு ஆற்றல் தருவார் யாரும் இல்லை என்பதால்தான் சஸ்டெயினுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் இங்கே பலரும் ஒரு பிழை செய்கிறார்கள். டீகேயை நீட்டிவிட்டு ரிலீசைச் சுழியில் விட்டுவிடுவார்கள். விரலை எடுத்ததும் ஒலி கத்தரித்தாற்போல் அறுந்துவிடும். கோவில் மணியை அடித்தவர் கயிற்றை விட்டதும் மணி நின்றுவிடுவதில்லை. ஆகவே மணிக்கும் வீணைக்கும் டீகேயும் ரிலீசும் ஒரே அளவில் இருக்கட்டும். மினிமூக்கில் ரிலீசுக்கெனத் தனிக் குமிழே கிடையாது. ஒரு சுவிட்சைப் போட்டால் டீகேயின் அளவே ரிலீசுக்கும் பொருந்திவிடும், அணைத்தால் ஒலி உடனே நின்றுவிடும். அந்தச் சிக்கனத்தில் ஓர் அறிவு இருக்கிறது.

தொடக்கத்தின் வலிமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1948இல் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷாஃபெர், பதிவு செய்த மணியோசையிலிருந்து அந்த முதல் அடியை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். மணி மறைந்து ஓபோ என்ற குழல்கருவியின் சாயல் வந்துவிட்டது. மாலைப் பூசையில் கோவில் வாசலில் நிற்கும்போது, நாம் மணியை மணி என்று அறிவது அந்த நீண்ட ரீங்காரத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பகுதி வேலையை நாவு வெண்கலத்தில் மோதும் அந்த ஒரு கணமே செய்துவிடுகிறது. உங்கள் வீணை ஒலியில் அட்டாக்கை மட்டும் அரை வினாடிக்கு உயர்த்திப் பாருங்கள். வேறு எதையும் தொடாமலே அது வில்லால் இழுத்த கருவியின் பக்கம் சாய்ந்துவிடும்.

கடைசியாக ஒரு பயிற்சி. சஸ்டெயினை முழுமையாக வைத்து, ஒலியின் கூரிய பகுதியை வடிகட்டும் ஃபில்டரை என்வலப் தொடாதபடி அதன் அளவைச் சுழியாக்கி, இடக்கையால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஃபில்டரைத் திறந்து மூடும் கட்டாஃப் குமிழை வேகமாகத் திறந்து மெதுவாக மூடுங்கள். “வா” என்று வாய் திறப்பது போன்ற ஓர் ஒலி கேட்கும். உங்கள் மணிக்கட்டு இப்போது செய்ததை, ஃபில்டரை நடத்தும் இரண்டாவது என்வலப் ஒவ்வொரு கட்டைக்கும் சலிக்காமல் செய்யும். பத்து முறை கையால் செய்த பிறகு அதே அசைவை அட்டாக், டீகே குமிழ்களில் எழுதிப் பாருங்கள். வேகமாகத் திறந்தது அட்டாக், மெதுவாக மூடியது டீகே என்று கை அறிந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் உறுமி மேளக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். தைப்பூசத்துக்கு உறுமியின் ஒலியையே சிந்தசைசரில் கொண்டுவர வேண்டும் என்று தம்பிகள் கேட்கிறார்கள். என்வலப்பை வைத்து முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பாதி முடியும். உறுமியில் ஒரு பக்கம் குச்சியால் அடிக்கும் ஒலி. மறுபக்கம் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் முனகல். அடிக்கும் பக்கம் என்வலப்புக்கு உரியது. ஓங்கி அடித்த கணத்தில் தோல் கூடுதலாக இழுபட்டு ஒலியின் சுருதி சற்று உயர்ந்து, உடனே இறங்கித் தன் நிலைக்கு வந்துவிடுகிறது. இதை உருவாக்க ஓர் என்வலப்பை ஆசிலேட்டரின் சுருதிக்கு அனுப்பி, அட்டாக்கையும் சஸ்டெயினையும் சுழியாக்கி, டீகேயை 30 முதல் 50 மில்லிவினாடிக்குள் வையுங்கள். மற்றோர் என்வலப் ஒலியளவைக் கால் வினாடிக்குள் இறக்கட்டும். குச்சி படும் சத்தத்துக்குக் கொஞ்சம் இரைச்சலைக் கலந்துகொள்ளுங்கள். சுருதிக்கு அனுப்பும் அளவை மிகுதியாக்கினால் மேளம் போய் விளையாட்டுக் கருவியின் துப்பாக்கிச் சத்தம் வந்துவிடும். காவடிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

முனகலுக்கு என்வலப்பை நம்ப வேண்டாம். என்வலப் ஒவ்வொரு முறையும் ஒரே வளைவைத்தான் வரையும். உறுமிக்காரர் இரண்டு முறை ஒரே மாதிரி தேய்ப்பதில்லை, அந்த மாற்றமே ஆட்டத்தை ஏற்றுகிறது. அட்டாக்கை 60 மில்லிவினாடி அளவில் வைத்து, சஸ்டெயினை உயர்த்தி, சுருதியை பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கையாலேயே வளையுங்கள். இன்னும் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்: தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் வழியில் உண்மையான உறுமி பத்து இருக்கும்போது, பதினோராவதாகச் சிந்தசைசர் முனக வேண்டியதில்லை. அடியில் ஒரு கனத்த சுருதியைத் தாங்கிப் பிடித்தால் மேளத்துக்கு அது கூடுதல் பலம்.

கேள்வி: தனித்தனியாக வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஃபில்டர் “வா” என்று திறக்கிறது. விரல்களை எடுக்காமல் சேர்த்து வாசித்தால் முதல் ஸ்வரத்துக்கு மட்டுமே திறக்கிறது. மினிமூக்கின் வழியில் செய்த கருவி இது. கோளாறா, குணமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: குணமே. என்வலப்பைத் தொடங்கி வைப்பது கேட் என்னும் குறிப்பு. எந்தக் கட்டையாவது அழுந்தியிருக்கும்வரை அது நீடிக்கும். 1964இல் மூக்கும் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சும் முதல் கருவியை உருவாக்கியபோது, இந்தக் குறிப்பைக் கொடுக்க வீட்டு அழைப்புமணிப் பொத்தான் ஒன்றைத்தான் பயன்படுத்தினார்கள். பொத்தானை எடுக்காமலே இருந்தால் மணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குமா? மினிமூக்கும் அப்படியே நடந்துகொள்கிறது; ஒரு விரல் கீழே இருக்க இன்னொரு விரல் விழுந்தால், சுருதி மாறுமே தவிர என்வலப் மறுபடி எழாது. 1972இல் வந்த ஆர்ப் ஆடிசியில் ஒவ்வொரு புதிய கட்டையும் ட்ரிகர் என்னும் தனித் தொடக்கக் குறிப்பைக் கொடுத்து என்வலப்பை மீண்டும் எழுப்பும். 1982இன் ரோலண்ட் எஸ்எச்-101இல் இரண்டில் எது வேண்டும் என்று சுவிட்சில் தேர்ந்துகொள்ளலாம்.

நீங்கள் கர்நாடக இசை பயில்வதாகக் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்தக் குணத்தை ஒரு கொடையாகவே கொள்ளுங்கள். வீணையில் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரங்களைக் கொண்டுவருகிறோம். எந்த ஸ்வரத்தில் மீட்டு விழ வேண்டும், எதில் விழக்கூடாது என்பதில்தான் கை நயம் தெரிகிறது. இந்தக் கருவியில் விரலை எடுத்து வைத்தால் மீட்டு, எடுக்காமல் சேர்த்தால் இழுப்பு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வைக்கும் போர்ட்டமென்டோவைச் சிறிது திறந்துகொண்டு தோடியின் காந்தாரத்தை இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். சேர்த்து வாசிக்கும்போது டீகே முடிந்து சஸ்டெயின் உயரத்துக்கு ஒலி இறங்கியிருக்கும் என்பதால், சஸ்டெயினைச் சுழியில் வைத்தால் பின்வரும் ஸ்வரங்கள் காதில் விழாமலே போகும். மூன்றில் ஒரு பங்காவது உயர்த்தி வையுங்கள். மினிமூக்கில் இரண்டு கட்டைகள் ஒருசேர அழுந்தியிருந்தால் தாழ்ந்த ஸ்வரமே ஒலிக்கும் என்பதால், மேல்நோக்கிப் போகும்போது பழைய கட்டையிலிருந்து விரலை எடுத்தால்தான் அடுத்த ஸ்வரம் கேட்கும்; ஆனால் புதிய கட்டை விழுந்த பிறகே அதை எடுக்க வேண்டும். ஒரு வாரம் கை தடுமாறும்.

கேள்வி: அட்டாக் சுழியில் இருக்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் “டிக்” என்று ஒரு சத்தம் வருகிறதே?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அலை தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கும்போது வாசல் திறக்கிறதோ, அந்த இடத்துக்கு ஒலி திடீரென்று தாவுகிறது. அந்தத் தாவலே டிக். அட்டாக்கை 3 முதல் 5 மில்லிவினாடிக்கு உயர்த்தினால் மறையும். விரலை எடுக்கும்போது வந்தால் ரிலீசுக்கும் அதே மருந்து. தாளத்துக்கு வாசிக்கும் கனத்த ஒலிகளில் அந்த டிக்கை நான் வேண்டுமென்றே விட்டுவைப்பேன். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று வந்தால், அது நம் ஊர் ஈரக்காற்று செய்த வேலை. என்வலப்பின் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரும் பழைய ரோலண்ட் ஜூனோ-106 ஒன்று கைக்கு வருகிறது. அதில் ஒரே ஓர் என்வலப்தான் இருக்கிறதாமே? இரண்டு இருப்பதையே வாங்க வேண்டுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: 1984இல் வந்த அந்தக் கருவியில், ஒவ்வொரு குரலுக்கும், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும், உள்ள ஓர் என்வலப்பே ஃபில்டரையும் ஒலியளவையும் சேர்த்து நடத்துகிறது. ஒலி மெதுவாக எழுந்து, அதன் பிரகாசம் மட்டும் விரைவாக மங்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அங்கே வழியில்லை. ஆனால் விசிஏவை என்வலப்பிலிருந்து பிரித்து, கேட் குறிப்புக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒலியளவு ஆர்மோனியம் போல உடனே வந்து உடனே நிற்கும், என்வலப் முழுவதும் ஃபில்டருக்கே கிடைக்கும். பரந்து விரியும் தந்திக்குழு ஒலிகளுக்கு இது போதும். கற்றுக்கொள்வதற்கு என்று கேட்டால், இரண்டு என்வலப் உள்ள கருவியையே நான் சொல்வேன். ஒன்றை அசைத்து மற்றதை அசைக்காமல் கேட்கும்போதுதான் எது எதைச் செய்கிறது என்று காது பிரித்தறியும்.

வாங்குவதாக இருந்தால் கருவியின் பின்புறம் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தை முதலில் படியுங்கள். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. இறக்கு மின்மாற்றி இல்லாமல் நான் ஒருமுறை சொருகிய கருவி, அட்டாக் சுழியில் தொடங்கி மிக நீண்ட ரிலீசோடு புகைந்தது.